இரண்டு மாட்டுக்கு ஓராண்டு வைக்கோல்: போர் போடும் முறை

காவிரிப் படுகையில் ஒன்றிரண்டு ஏக்கர் நன்செயும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், தை, மாசி மாதங்களில் கிடைக்கும் சம்பா வைக்கோலை முறையாகப் போர் போட்டு வைத்துவிட்டால், அடுத்த அறுவடை வரை உலர்தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இதற்குக் கொட்டகையும் தேவையில்லை. தன் தாளையே கூரையாகக் கொண்டு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் திறந்தவெளியில் தாங்கி நிற்கும் போரை மூன்று பேர் சேர்ந்தால் ஒரே நாளில் போட்டுவிட முடியும். அதற்கு இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கணு காயாத தாள் போருக்குள் போகக் கூடாது. போரின் நடுப்பகுதி எந்தக் கட்டத்திலும் ஓரத்தைவிடத் தாழக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் மேலே எத்தனை தார்ப்பாய் விரித்தாலும் பயனில்லை.

முதலில் தேவையைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பசுந்தீவனமும் கொஞ்சம் கிடைக்கும் ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் தின்னும். சிந்துவது, மட்குவது எல்லாம் சேர்த்து மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் வேண்டும். நெற்பயிரில் நெல்லின் எடைக்குக் குறையாமல் வைக்கோலும் கிடைப்பதால், ஓர் ஏக்கர் சம்பா ஒரு மாட்டுக்கு ஈடு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். உயரமாக வளரும் பாரம்பரிய நெல் வகைகளைப் பயிரிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தேறும்.

ஆண்டு முழுவதற்குமான இருப்பைச் சம்பா அல்லது தாளடி வைக்கோலில்தான் வைக்க வேண்டும். குறுவை அறுவடை பெரும்பாலும் மழை தொடங்கும் வேளையில் வருவதால் அந்தத் தாள் முழுமையாகக் காய்வது அரிது. குறுவை வைக்கோலை அன்றாடத் தீவனமாகவும் மாட்டுக்கொட்டிலில் பரப்பவும் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். பழைய போரின் மேல் அதைக் கொண்டுபோய்ப் போடவே கூடாது.

அறுப்பும் உலர்த்தலும்

கையால் அறுத்து, களத்தில் அடித்து எடுத்த வைக்கோலே போருக்கு மிகவும் ஏற்றது. அதன் தாள்கள் நீளமாகவும் உடையாமலும் தூர் ஒருபக்கம், நுனி ஒருபக்கம் என ஒழுங்காகவும் இருக்கும். மழைநீரை வெளியே வழியவிடுவது இந்த ஒழுங்குதான். அறுவடை இயந்திரத்தில் வரும் வைக்கோல் நசுங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் அதில் போடும் போர் தண்ணீரை உறிஞ்சும். ஆள் கிடைக்காத இக்காலத்தில் முழு வயலையும் கையால் அறுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனாலும் இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளையும் வரப்போரங்களையும் எப்படியும் கையால்தான் அறுக்க வேண்டியிருக்கும். அந்தத் தாளைத் தனியே கட்டி வைத்தால் கூரை வேயவாவது நல்ல நீளத் தாள் கைவசம் இருக்கும்.

இயந்திரம் வைத்து அறுப்பவர்கள் ஓட்டுநரிடம் கூடியவரை தாழ்த்தி அறுக்கச் சொல்வது பயன் தரும். நெல்லைப் பொறுத்தவரை இலையைவிடத் தண்டில் சிலிக்கா குறைவு. அதனால் தண்டுதான் மாட்டுக்கு எளிதில் செரிக்கும். உயரத்தில் அறுத்துவிட்டால் அந்த நல்ல பகுதி அடிக்கட்டையாக வயலிலேயே நின்றுபோகிறது. தாழ்த்தி அறுக்கும்போது வண்டி சற்று மெதுவாகப் போகும், வாடகையும் கொஞ்சம் கூடும். மாடு வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு வீணில்லை என்பது என் கருத்து. சேறு இன்னும் காயாத வயலில் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். சேறு ஒட்டிய தாளை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்.

உலர்த்தும் இடத்தில் படுகை உழவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுவதால், அறுக்கும்போது அடியில் இளநாற்று முளைத்திருக்கும். வைக்கோலை அதன்மேல் நான்கு நாள் காயப்போட்டால் உளுந்து வெளுத்து நெளிந்துபோகும். எனவே அடித்த வைக்கோலை அன்றைக்கே வரப்புக்கோ களத்துமேட்டுக்கோ மாற்றி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் தளர்வாகப் பரப்ப வேண்டும். தை மாதப் பனி காலை ஒன்பது மணி வரைகூடத் தாளில் நிற்கும். பனி விட்டபின் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் கவைக்கம்பால் புரட்டிவிட்டால் மூன்று, நான்கு நல்ல வெயிலில் காய்ந்துவிடும். மாலையில் சிறு குவியல்களாகக் கூட்டி வைத்து, காலையில் மீண்டும் பரப்பினால் இரவுப் பனி மேற்பரப்போடு நின்றுவிடும்.

காய்ந்துவிட்டதா என்பதை நிறத்தையும் சலசலப்பையும் மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இலை முதல் நாளிலேயே சலசலக்கத் தொடங்கிவிடும். கடைசியாகக் காய்வது கணு. குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கணுவை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பசுமையோ பிசுபிசுப்போ தெரிந்தால் இன்னொரு வெயில் தேவை. பிடியை இறுக்கி முறுக்கும்போது தாள் துவளாமல் நொறுங்கி ஒடிய வேண்டும். ஐயம் தீராதவர்கள், ஈரமில்லாத ஒரு கண்ணாடிப் புட்டியில் நன்கு வறுத்து ஆறவைத்த உப்பைச் சிறிது போட்டு, அதனுடன் துண்டு துண்டாக நறுக்கிய தாளை நிரப்பி மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு கட்டி தட்டினாலோ புட்டியின் பக்கங்களில் ஒட்டினாலோ தாளில் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். போருக்குப் போக வேண்டியது அதற்குக் கீழே.

இடமும் அடித்தளமும்

போர் நிற்கும் இடம் சுற்றியுள்ள தரையைவிட மேடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை அடி மண் கொட்டித் திமிசு போட்டு மேடாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டு அடுப்பு, குப்பை எரிக்கும் இடம், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து கண்டிப்பாகத் தள்ளியிருக்க வேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றிவரும் வண்டி தாழ்வான கம்பியில் உரசித் தீப்பிடிப்பது அடிக்கடி கேள்விப்படும் விபத்து என்பதால், போருக்கு வண்டி வரும் வழியையும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தடி நிழல் வசதியாகத் தோன்றினாலும், மழை விட்ட பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருப்பதாலும் வெயில் படாததாலும் போரின் ஒருபக்கம் மட்கிவிடும்.

போரை எந்தத் திசையில் நீட்டுவது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குக் காற்றோடு வருகிறது. ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. போரின் நீளம் வடகிழக்கு – தென்மேற்காக அமைந்தால் இரண்டு காற்றுக்கும் குறுகிய முகப்பு மட்டுமே எதிர்ப்படும். நீண்ட பக்கங்களில் சாரல் நேராகத் தாக்காது. இடவசதி இருக்கும் எவரும் செலவே இல்லாமல் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு இது.

அளவைப் பொறுத்தவரை, அகலம் 10 அடியைத் தாண்ட வேண்டாம். அகலம் கூடினால் கூரையின் சரிவு தட்டையாகும், நடுவில் வெப்பம் தேங்கும். 2 டன் வைக்கோலுக்கு 10 அடி அகலமும் 12 முதல் 15 அடி நீளமும் போதும். இரண்டு மாட்டுக்கான 4 டன்னையும் ஒரே போராக நீட்டுவதைவிட, 30 அடி இடைவெளி விட்டு இரண்டு போராகப் போடுவதே நல்லது. கோடையில் ஒன்றைப் பிரித்துப் பயன்படுத்தும்போது மற்றொன்று வாய் திறக்காமல் மழைக்காலம் வரை இருக்கும். தீ என்று வந்தால் இரண்டும் சேர்ந்து போகாது.

அடித்தளத்துக்குக் கருங்கல்லையோ செங்கல் அடுக்கையோ வரிசையாக வைத்து, அதன்மேல் பனங்கட்டை அல்லது பழைய தென்னைமரத் துண்டுகளைக் கிடத்தி, குறுக்கே மூங்கிலோ சீமைக்கருவேலக் கிளைகளோ பரப்பி, மேலே பனையோலையையோ தென்னை மட்டையையோ விரிக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரம் கிடைத்தால் அடியில் காற்றும் ஓடும், எலி பிடிக்கும் பூனையும் நுழையும். மரம் மண்ணைத் தொடும் இடங்களில் கரையான் ஏறும் என்பதால் கல்லின் மேல்தான் மரம் அமர வேண்டும். கரையான் மண் போட்டு ஏறும் கோடுகள் கல்லில் தெரிகின்றனவா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்த்துச் சுரண்டிவிட வேண்டும். மேட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வடிந்துபோக ஒரு வழியும் விட வேண்டும்.

போர் ஏற்றுதல்

பனி முழுதும் உலர்ந்த பின்பு, காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி இருட்டுவதற்குள் முடிப்பதே முறை. அனுபவமுள்ள ஒருவர் போரின் மேல் நிற்க வேண்டும். கீழிருந்து இருவர் கவைக்கம்பால் ஏந்திக் கொடுக்க வேண்டும். போரின் தரத்தை நிர்ணயிப்பவர் மேலே நிற்பவர்தான். கீழே இருப்பவர்கள் அவர் கேட்கும் இடத்தில் கேட்கும் அளவே போட வேண்டும். கைக்கு வந்தபடி எறிந்தால் ஓரம் கனத்து நடு பள்ளமாகிவிடும்.

முதலில் அடித்தளத்தின் நடுக்கோட்டில், நீளவாக்கில், இடுப்புயரத்துக்கு ஒரு மேடு எழுப்ப வேண்டும். பிறகு அந்த மேட்டின் மீது சாயும்படி இருபக்கமும் தாளை அடுக்க வேண்டும்: நுனி உள்ளே மேட்டின்மேல், தூர் வெளியே சற்றுத் தாழ்ந்து. இப்படிக் கிடக்கும் ஒவ்வொரு தாளும் வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருப்பதால், அதன்மேல் விழும் நீர்த்துளி தாளின் வழியே ஓடி வெளியே சொட்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டைத் தழுவி நிற்பதுபோல, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடிக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றை அதற்குச் சற்று உள்தள்ளி வைத்து, முதல் சுற்றின் நுனிகளை அழுத்திக் கட்ட வேண்டும். அதன் பிறகு நடுவை நிரப்பி மீண்டும் மேடாக்க வேண்டும். ஓரம், உட்சுற்று, நடு என்ற இந்த ஒழுங்கு உச்சி வரை மாறாது.

மிதிப்பதில்தான் பெரும்பாலான போர்கள் கெடுகின்றன. நடுவை நன்றாக மிதிக்க வேண்டும். ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு மிதிக்கவே கூடாது. வைக்கோல் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை கீழே படியும். அப்போது தளர்வான ஓரம் அதிகமாகவும் இறுகிய நடு குறைவாகவும் படிந்தால் வெளிச்சரிவு இன்னும் கூடும். ஓரத்தை மிதித்து நடுவைத் தளர்வாக விட்டால் நேர்மாறாக நடு அமுங்கி, தாள்கள் எல்லாம் உள்நோக்கிச் சரிந்து, மழைநீரைப் போரின் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே பார்க்க அழகாக நிற்கும் போர் பிரிக்கும்போது நடுவில் கறுத்து மட்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பக்கங்களை நேர்குத்தாக எழுப்பாமல், தளத்திலிருந்து தோள் உயரம் வரை பக்கத்துக்கு அரை அடி அகன்று போகும்படி ஏற்றினால் கூரைத் தண்ணீர் அடிப்பக்கத்தைத் தொடாமல் விழும். வரிசைக்கு வரிசை சிறிது உப்பைத் தூவுவது நல்ல பழக்கம்; 100 கிலோவுக்கு ஒரு கிலோ போதும். மாடு விரும்பித் தின்ன அது உதவும். ஈரத் தாளைக் காப்பாற்றும் ஆற்றல் உப்புக்கு இருப்பதாக எண்ணிக் கணுவைச் சோதிக்காமல் ஏற்றிவிடக் கூடாது. நன்கு காய்ந்த கடலைக்கொடியோ உளுந்தங்கொடியோ கைவசம் இருந்தால் இரண்டு வைக்கோல் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய அடுக்காகப் பரப்பலாம். வைக்கோலில் புரதம் 3, 4 விழுக்காடுதான். பயறுவகைக் கொடியில் அதைவிட மிகுதி. கொடியின் மணம் ஏறிய வைக்கோலையும் மாடு மிச்சம் வைக்காது. கொடி வெளியே தெரியாமல் உட்புறத்திலேயே நிற்க வேண்டும்; நனைந்தால் வைக்கோலைவிட விரைவில் பூஞ்சணம் பிடிக்கும்.

தோள் உயரத்துக்கு மேல் கூரை தொடங்குகிறது. இங்கிருந்து ஒவ்வொரு வரிசையையும் உள்ளே இழுத்துக்கொண்டே போய் உச்சியைக் கூராக்க வேண்டும். சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. தனியே எடுத்துவைத்த நீளத் தாளை, தூர் கீழ்நோக்கித் தொங்கும்படி, கீழிருந்து மேலாக வேய்ந்து, உச்சியில் இருபக்கத் தாளும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழும்படி செய்ய வேண்டும். அதன்மேல் வரிசையாகத் தென்னங்கீற்று வைப்பது படுகையில் எளிது. வைக்கோலையே முறுக்கித் திரித்த பிரிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, முனைகளில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடிக் காற்று கூரையைக் கிளப்பாது. 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தினர் பிரியோடு நிற்காமல், பழைய மீன்வலையை முழுப் போருக்கும் போர்த்து நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டுவது பாதுகாப்பானது.

கடைசியாகப் பக்கங்களை வாருகோலாலோ கையாலோ மேலிருந்து கீழாக வாரிவிட வேண்டும். தளர்ந்த தாள்கள் உதிர்ந்துவிடும். எஞ்சியவை எல்லாம் கீழ்நோக்கிப் படிந்து, சாரலை வழியவிடும் மேல்தோலாகும். மழைக்காலத்துக்கு முன் தார்ப்பாய் போட விரும்புபவர்கள் போர் ஏற்றி மூன்று வாரம் கழித்து, உச்சிக்கும் கூரைக்கும் மட்டும் போட வேண்டும். பக்கங்களையும் சேர்த்து மூடினால் உள்ளிருந்து எழும் ஆவி பாயின் அடியில் வியர்த்து, மழை இல்லாமலே மேலடுக்கை நனைக்கும்.

சூடும் பூஞ்சணமும்

முதல் மூன்று வாரம் போரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் எஞ்சிய தாள் அறுத்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்த வெப்பத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் பெருகிச் சூட்டை மேலும் கூட்டும். 70 பாகை செல்சியஸ் அளவில் அவை மடிந்தாலும், அதற்குள் தொடங்கிவிடும் வேதிவினைகள் சூட்டைத் தொடர்ந்து ஏற்றி, வெளித்தீ இல்லாமலே போர் பற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீண்ட இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செலுத்தி, இருபது நிமிடம் கழித்து இழுத்து, உள்ளே இருந்த முனையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடும் புகையிலை போன்ற கருகல் வாடையும் இருந்தால் போரைப் பிரித்தே ஆக வேண்டும். மிகச் சூடான போருக்குள் திடீரெனக் காற்று புகுந்தால் தீ கிளம்பும். ஆகவே தண்ணீர்க் குழாயை இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். போரின் மேல் ஏறி நின்று பிரிக்கக் கூடாது. உள்ளே வெந்து குழிந்த இடத்தில் கால் புதையும்.

பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் காயவைத்து மாட்டுக்குப் போடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். பூஞ்சண நஞ்சு வெயிலில் போகாது; அஃப்ளடாக்சின் வகை நஞ்சு பாலிலும் கலக்கும். பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோலோடு தொடர்புடைய டெக் நாலா நோயில் எருமைகளின் வால்நுனி, காது, குளம்பு ஆகியவை அழுகி விழும். கறுத்த வைக்கோல் எருக்குழிக்கே உரியது. அதை அள்ளும்போது எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

இயந்திர வைக்கோலை உருளைக் கட்டாக வாங்குபவர்களுக்கும் கணு விதி பொருந்தும். வாங்குமுன் கட்டின் நடுவில் கையை நுழைத்துச் சூட்டையும் வாடையையும் பார்க்க வேண்டும். கட்டுகளைத் திறந்த போராக அடுக்காமல், கூரையுள்ள இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பிரிக்கும்போது நைலான் நூலை முழுவதுமாக உருவி எடுத்து எண்ணி ஓரிடத்தில் போட வேண்டும். விழுங்கிய நூல் மாட்டின் வயிற்றில் சிக்கி உயிருக்கே உலை வைக்கும்.

பிரித்துப் பயன்படுத்துதல்

படிந்த போரின் உச்சியைப் புரட்டாசியில் ஒருமுறை மேம்படுத்தி, புதுக் கீற்று வைக்க வேண்டும். பிரிக்கத் தொடங்கும்போது மழைக்காற்றுக்கு எதிர்ப்புறமான தென்மேற்கு முனையிலிருந்து, மேலிருந்து கீழாக, செங்குத்தாக ஒரு முகம் வைத்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். கைக்கு எட்டிய உயரத்தில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினால் போர் குடைபோல் மேலே கனத்து நின்று, ஒருநாள் ஆளின் மீதோ கன்றின் மீதோ சரியும். குழந்தைகள் அத்தகைய குகைக்குள் புகுந்து விளையாடுவது மிகவும் ஆபத்தானது.

எடுத்த வைக்கோலை இரண்டு மூன்று அங்குலமாக நறுக்கி, தண்ணீர் தெளித்துப் போட்டால் வீண் குறையும். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் தாதுஉப்புக் கலவையும் உடன் கொடுக்க வேண்டும். பசுந்தீவனம் அறவே இல்லாத காலத்துக்கு யூரியா ஊட்டம் ஒரு நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகச் சீராகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, நெடி போகும்வரை ஆற்றிய பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசல் வாளியை மாடு நெருங்கும் இடத்தில் வைப்பது உயிருக்கு ஆபத்து.

போர் தீர்ந்ததும் அடியில் மிஞ்சும் கூளத்தையும் ஓலையையும் முழுவதும் வாரி எருக்குழியில் போட்டு, கட்டைகளைப் புரட்டி ஒரு வாரம் வெயில் காட்டி, கரையான் அரித்தவற்றை நீக்கிவிட வேண்டும். புது வைக்கோலை அந்தப் பழைய கூளத்தின் மேல் ஏற்றினால் முதல் மழையிலேயே பூஞ்சணம் அடியிலிருந்து மேலேறத் தொடங்கும்.